கிட்டாரை மாற்றவா, கம்பியை மாற்றவா?

ரெண்டு மாசமாகப் புது கிட்டார் நினைப்புதான். என்னுடையது ஒன்பது வருஷப் பழசு. மீட்டினால் போர்வைக்குள்ளிருந்து யாரோ முனகுகிற மாதிரி இருந்தது. இருபத்தைந்தாயிரம் ரூபாய் தனியாக எடுத்தும் வைத்துவிட்டேன்.

சர்வீஸ் செய்யும் அண்ணனிடம் பழசுக்கு என்ன விலை கிடைக்கும் என்று கேட்கப் போனேன். அவர் கம்பியை விரலால் தடவிப் பார்த்தார். "கடைசியா எப்ப தம்பி மாத்தினீங்க?" என்றார். சொல்ல வெட்கமாக இருந்தது. சென்னை வேர்வையில் கம்பி கறுத்துப் போயிருந்தது.

கம்பியில் இவ்வளவு விஷயம் இருப்பது அன்றுதான் தெரிந்தது. 80/20 பிரான்ஸ் (வெண்கலம்) என்று விற்பது உண்மையில் பித்தளை: 80 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம். கணீரென்று கேட்கும், சீக்கிரம் மங்கிவிடும். பாஸ்பர் பிரான்ஸில் துத்தநாகத்துக்குப் பதில் வெள்ளீயம். 1974இல் டடாரியோ என்ற கம்பி நிறுவனம் கொண்டுவந்தது. சத்தம் கொஞ்சம் கனிந்திருக்கும், கூடுதல் நாளும் தாங்கும். அதையே போட்டேன். கம்பிகள் ஏறி உட்காரும் பிளாஸ்டிக் சேடிலை அண்ணன் எடுத்துவிட்டு, எலும்பில் இழைத்து ஒன்று வைத்தார். மொத்தம் 1,800 ரூபாய்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று கதைவிட மாட்டேன். கிட்டாரின் நாதம் பெரும்பாலும் மேல்பலகையின் அதிர்வுதான். என்னுடையது ஒட்டுப்பலகை. ஸ்ப்ரூஸ் மரத்தின் முழுப் பலகை தரும் ஆழம் இதில் எந்தக் கம்பிக்கும் வராது. ஆனாலும் முனகல் போய்விட்டது.

பணம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. கிட்டாரை விற்க நினைப்பவர்கள் முதலில் கம்பியை மாற்றி ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள்.