நெட் ரன் ரேட் இல்லாத ஊர்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் பந்து காலில் படுவது அபூர்வம். முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனை நாலு பேர் சேர்ந்து அமுக்குவதும்தான் ஆட்டத்தில் பெரும்பகுதி. ஆகஸ்டுக் கடைசியில் பருவம் தொடங்கும். நவம்பர் இறுதியில், வான்கோழி சமைக்கும் பண்டிகை வாரத்தோடு லீக் ஆட்டங்கள் முடிந்துவிடும். ஓர் அணிக்குப் பன்னிரண்டே ஆட்டம். வாரத்துக்கு ஒன்று, பெரும்பாலும் சனிக்கிழமை. ஆனால் முதல் தட்டில் மட்டும் 130-க்கு மேற்பட்ட கல்லூரி அணிகள் இருக்கின்றன. எல்லாரும் எல்லாரோடும் மோதித் தீர்ப்பதென்றால் பத்து வருஷத்துக்கு மேல் பிடிக்கும். முதல் வருஷம் ஆடிய பையனின் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பார்கள். இந்த நாட்டுப் புள்ளிப் பட்டியலில் இருக்கும் அத்தனை விசித்திரத்துக்கும் வேர் இந்தப் பன்னிரண்டு ஆட்டம்தான்.

கல்லூரிகள் சேர்ந்து அமைத்துக்கொண்ட கூட்டணிக்கு இங்கே கான்ஃபரன்ஸ் என்று பெயர். லீக் ஆட்டங்களில் எட்டோ ஒன்பதோ அந்தக் கூட்டணிக்குள்ளேயே நடக்கும். பெயரில் உள்ள எண்ணை நம்பிக் கணக்குப் போடக் கூடாது: 'பிக் டென்'னில் 18 அணிகள், 'பிக் 12'இல் 16. கூட்டணி என்ற சொல்லும் தமிழ்நாட்டு அர்த்தத்திலேயே பொருந்தும். நூறு வருஷப் பகை, பரம்பரைப் போட்டி என்று பேசுவார்கள். தொலைக்காட்சிப் பணம் அதிகம் கிடைத்தால் மறுநாளே தாவிவிடுவார்கள். பசிபிக் கரையில் இருக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் கல்லூரிகள் 2024இல் பிக் டென்னில் சேர்ந்து, இப்போது அட்லாண்டிக் பக்கத்து நியூ ஜெர்சியோடு ஒரே அட்டவணையில் நிற்கின்றன. பெரிய கூட்டணிகள் தம்மை வடக்கு, தெற்கு அல்லது கிழக்கு, மேற்கு என்று இரண்டு டிவிஷனாகப் பிரித்து, இரண்டிலும் முதலில் வருபவர்களை இறுதியில் மோதவிடுவது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. அந்தப் பிரிவினையும் 2024க்குள் பெரிய கூட்டணிகளில் ஒழிந்துவிட்டது. இப்போது ஒரே நீளப் பட்டியல், முதல் இரண்டு இடத்துக்கு இறுதி ஆட்டம்.

டிவிஷன் என்ற சொல்லுக்குச் சென்னையில் வேறு அர்த்தம். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் லீகில் அது ஏணி. மயிலாப்பூர் ரிக்ரியேஷன் கிளப், ஆழ்வார்பேட்டை, விஜய், ஜாலி ரோவர்ஸ், இந்தியா பிஸ்டன்ஸ், குளோப் டிராட்டர்ஸ் போன்ற பெயர்கள் புழங்கும் முதல் டிவிஷனில் இருந்து, தெருமுனைப் பையன்கள் பணம் போட்டுப் பந்து வாங்கும் கடைசி டிவிஷன் வரை படிப்படியாக இறங்கும். அடியில் முடிக்கும் அணி கீழே போகும், கீழே ஜெயித்த அணி மேலே வரும். முதல் டிவிஷனில் வெல்பவருக்குப் பாளையம்பட்டி ராஜா கேடயம். ஐந்தாம் டிவிஷன் அணிக்கு, நினைத்துப் பார்க்கவாவது அந்தக் கேடயம் உண்டு. அமெரிக்கக் கல்லூரியில் இந்த ஏற்ற இறக்கம் கிடையாது. எத்தனை வருஷம் தொடர்ந்து தோற்றாலும் பெரிய கூட்டணியில் இடம் பிடித்தவனை யாரும் இறக்க முடியாது. எத்தனை ஜெயித்தாலும் சின்னக் கல்லூரியை யாராவது கூப்பிட்டால்தான் உண்டு. ஜனநாயகத்தைப் பற்றி இவ்வளவு பேசும் நாட்டில் இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

நவம்பர் மாதச் செவ்வாய் இரவுகளில் தொலைக்காட்சியில் தரவரிசை வெளியாகும். அப்படியொரு செவ்வாய்க்கிழமை டாலஸ் பக்கத்தில் ஒரு வீட்டில், பேரனைப் பார்க்க நங்கநல்லூரிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரி ஒருவர் அந்தப் பட்டியலை முதலிலிருந்து கடைசி வரை பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன்டா, இதுல நெட் ரன் ரேட் எந்தக் காலம்?"

"அதெல்லாம் இல்லப்பா. ஓட்டு."

"யாரோட ஓட்டு?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல 2008க்குப் போக வேண்டும். அந்த வருஷம் பிக் 12 கூட்டணியின் தெற்கு டிவிஷனில் மூன்று அணிகள் முட்டிக்கொண்டன. அக்டோபர் 11 அன்று பொது மைதானமான டாலஸில் டெக்சஸ் அணி ஓக்லஹோமாவை 45-35 என்று வென்றது. நவம்பர் 1 அன்று டெக்சஸ் டெக் அணி, ஆட்டம் முடிய ஒரு விநாடி இருக்கும்போது எடுத்த புள்ளிகளால் டெக்சஸை 39-33 என்று கவிழ்த்தது. நவம்பர் 22 அன்று ஓக்லஹோமா அந்த டெக் அணியை 65-21 என்று துவைத்துக் காயப்போட்டது. அ-வை ஆ வென்றது, ஆ-வை இ வென்றது, இ-யை அ வென்றது. கடைசியில் மூவருக்கும் 11 வெற்றி, 1 தோல்வி. கூட்டணிக்குள் மூவரும் 7-1.

சமநிலையை உடைக்கக் கூட்டணி வைத்திருந்த விதிகள் படிக்கட்டு மாதிரி. முதல் படி, சமமாக நிற்பவர்கள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்கள்: ஆளுக்கு ஒன்று, பயனில்லை. இரண்டாம் படி, டிவிஷனுக்குள் வெற்றி தோல்வி: மூவரும் சமம். மூன்றாம் படி, டிவிஷனில் அடுத்தடுத்த இடத்தில் இருந்த அணிகளுக்கு எதிராக எப்படி: மூவரும் எல்லாரையும் வென்றிருந்தார்கள். நான்காம் படி, கூட்டணியில் மூவரும் பொதுவாகச் சந்தித்த எதிரிகள்: அங்கேயும் சமம். ஐந்தாம் படியில்தான் விஷயம் மைதானத்தை விட்டு வெளியே போகிறது. அப்போதைய தேசியத் தரவரிசையில் யார் மேலே இருக்கிறாரோ அவருக்கே இறுதி ஆட்டம். அதற்கும் கீழே இன்னொரு படியைத் தாண்டிப் போனால், குலுக்கல்.

அந்தத் தேசியத் தரவரிசையின் மூலப்பொருள் மூன்று. ஒரு பங்கு பழைய வீரர்கள், பத்திரிகைக்காரர்கள் முதலியோரின் ஓட்டு. ஒரு பங்கு பயிற்சியாளர்களின் ஓட்டு. அதாவது போட்டியில் இருக்கிறவர்களே மார்க் போடுவது. மூன்றாம் பங்கு ஆறு கணிப்பொறிகளின் சராசரி. இதையெல்லாம் கலக்கி வந்த எண்ணில் ஓக்லஹோமா டெக்சஸை இரண்டாம் தசம இடத்தில் முந்தியது. நேருக்கு நேர் பத்துப் புள்ளியில் தோற்ற அணி இறுதிக்குப் போயிற்று, வென்ற அணி வீட்டில் உட்கார்ந்தது. இன்றைக்கும் டெக்சஸில் '45-35' என்று மட்டும் சொன்னால் போதும், பக்கத்து மேஜைக்காரரும் பேச்சில் கலந்துகொள்வார்.

கணக்கு அதிகாரி பேரனின் வரைபடத் தாளின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு இதையே சேப்பாக்கத்துக் கிரிக்கெட் முறையில் போட்டார். மூவருக்குள் நடந்த ஆட்டங்களில் ஓக்லஹோமா எடுத்தது 100, கொடுத்தது 66: கூட்டல் 34. டெக்சஸ் எடுத்தது 78, கொடுத்தது 74: கூட்டல் 4. டெக் எடுத்தது 60, கொடுத்தது 98: கழித்தல் 38. ஓக்லஹோமாதான் முதல். விடை அதேதான். அந்த விடைக்குப் போய்ச் சேர ஆறு கணிப்பொறியும் நாடு முழுக்க ஓட்டெடுப்பும் தேவைப்பட்டதுதான் அவருக்குத் தாளவில்லை.

வெற்றி வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காததற்கு இங்கே சொல்லும் காரணம் கேட்க நன்றாகவே இருக்கும். எண்ணிக்கைக்கு மதிப்புக் கொடுத்தால் பெரிய கல்லூரி சின்னக் கல்லூரியை 80, 90 என்று அடித்து அவமானப்படுத்தும். மாணவர்கள் ஆட்டத்துக்கு அது அழகில்லை. அதனால்தான் 2002 முதல் அந்தக் கணிப்பொறிகளே வித்தியாசத்தைப் பார்க்கக் கூடாது என்று தடை இருந்தது. ஆனால் ஓட்டுப் போடும் மனிதனின் கண்ணைக் கட்டிவிட முடியுமா? 2008இல் ஓக்லஹோமா தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் 60 புள்ளிக்கு மேல் எடுத்தது. யாருக்குக் காட்டுவதற்கு என்று கேட்க வேண்டியதில்லை.

இந்தியாவில் சமப் புள்ளி வந்தால் தீர்ப்பு வகுத்தலில் கிடைக்கும். ரஞ்சிக் கோப்பையில் முழு வெற்றிக்கு 6 புள்ளி. இன்னிங்ஸ் அல்லது 10 விக்கெட் வித்தியாசமானால் இன்னும் 1. டிரா ஆனால் முதல் இன்னிங்ஸில் முந்தியவருக்கு 3, பிந்தியவருக்கு 1. புள்ளி சமமாகி மற்ற விதிகளும் கைகொடுக்காவிட்டால் கோஷன்ட் வரும்: ஒரு விக்கெட்டுக்கு எடுத்த சராசரி ரன்னை, ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த சராசரி ரன்னால் வகுப்பது. இருபது ஓவர் ஆட்டத்தில் அதன் தம்பி நெட் ரன் ரேட். அதன் அருமை 2024 மே 18 அன்று பெங்களூரில் நடந்த ஐபிஎல் லீக் ஆட்டத்தில் தெரிந்தது. பெங்களூர் 218 எடுத்தது. சென்னை ஜெயிக்க 219 வேண்டும், ஆனால் அடுத்த சுற்றுக்குப் போக 201 போதும். தோற்றாலும் தேறலாம் என்ற அந்த எண் மைதானத்தில் சுண்டல் விற்றவருக்கும் தெரியும், நங்கநல்லூரில் தொலைக்காட்சிக்கு முன்னால் காலை மாற்றிப்போட்டு உட்கார மறுத்த பாட்டிக்கும் தெரியும். கடைசி ஓவரில் 17 தேவை. முதல் பந்தைத் தோனி கூரைக்கு மேல் அனுப்பினார், அடுத்த பந்தில் அவுட். சென்னை 191. இரு அணிக்கும் 14 புள்ளி, நெட் ரன் ரேட்டில் பெங்களூர் 0.459, சென்னை 0.392. அழுதவர்கள் உண்டு. கணக்கு தப்பு என்று சொன்னவர் யாரும் இல்லை.

கணக்கும் கொடூரமாக இருக்கக் கூடியதுதான். 2025 பிப்ரவரியில் டிராவான ரஞ்சி கால் இறுதியில் கேரளம் ஜம்மு காஷ்மீரை முதல் இன்னிங்ஸில் ஒரே ஒரு ரன்னில், 281க்கு 280 என்று, தாண்டி மேலே போனது. அரையிறுதியில் குஜராத்துக்கு எதிராக 457க்கு 455. குஜராத்தின் கடைசி ஆட்டக்காரர் ஓங்கி அடித்த பந்து, பக்கத்தில் குனிந்து நின்ற சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் பட்டு எகிறி, சச்சின் பேபியின் கையில் விழுந்தது. ஒரு மாநிலம் முதல் தடவையாக இறுதி ஆட்டம் கண்டது ஒரு ஹெல்மெட்டின் புண்ணியத்தில். நாக்பூரில் நடந்த அந்த இறுதியும் டிராவாகி, 37 ரன் முந்தியிருந்த விதர்பா கோப்பையை எடுத்துக்கொண்டது. அப்போதும் யாரும் குழு கூட்டி ஓட்டெடுக்கவில்லை.

அமெரிக்காவில் ஓட்டு பழைய வழக்கம். அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் 1936 முதல் பத்திரிகைக்காரர்களைக் கேட்டுப் பட்டியல் போட்டு வருகிறது. 2014 முதல், தேசியப் பட்டத்துக்கு மோதும் அணிகள் எவை என்பதில் கடைசிச் சொல் 13 பேர் கொண்ட குழுவுக்கு. அவர்கள் டெக்சஸில் ஒரு ஹோட்டல் அறையில் கூடுவார்கள். தங்களுக்குச் சம்பந்தப்பட்ட கல்லூரியைப் பற்றிப் பேசும்போது எழுந்து வெளியே போய்விடுவார்கள். இந்த முறையை மயிலாப்பூர்க்காரருக்கு விளக்க வேண்டியதே இல்லை. மார்கழியில் யாருக்கு மாலை ஆறேமுக்கால் கச்சேரி, யாருக்கு மத்தியானம் ஒன்றரை மணி என்று சபா கமிட்டி முடிவு செய்வதும் இதே ரகம்தான். ஸ்கோர் கார்டு கிடையாது, ஆனால் எல்லாருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. 2023இல் ஃபுளோரிடா ஸ்டேட் அணி 13 ஆட்டமும் ஜெயித்தது. முக்கிய வீரர் ஜோர்டன் டிராவிஸுக்குக் கால் உடைந்துவிட்டதால் இனிமேல் அந்த அணி அவ்வளவு தேறாது என்று எடைபோட்ட குழு, ஓர் ஆட்டத்தில் தோற்றிருந்த அலபாமாவை நான்காவது இடத்தில் சேர்த்தது. தோற்காத அணி வெளியே. அடுத்த வருஷம் நான்கு இடத்தைப் பன்னிரண்டாக்கினார்கள். இப்போது சண்டை பன்னிரண்டாவது இடத்துக்கு.

மைதான விஷயத்தில் மட்டும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு முன்னால் வாயைத் திறக்க முடியாது. மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். அந்த ஆன் ஆர்பர் ஊரின் ஜனத்தொகையே ஏறக்குறைய 1.2 லட்சம்தான். டெக்சஸ் ஏ அண்ட் எம் கல்லூரி தன் கைல் ஃபீல்டை 2015க்குள் 1,02,000-க்கு மேல் பெரிதாக்கக் கிட்டத்தட்ட 50 கோடி டாலர் செலவழித்தது. பழைய மாணவர்கள் நன்கொடை கொடுத்தால்தான் நல்ல இடத்தில் நாற்காலி. அண்மைக்காலப் போக்கு வேறு: சிகாகோ பக்கத்து நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 80 கோடி டாலருக்கு மேல் திட்டமிட்டுக் கட்டும் மைதானத்தில் இருக்கை 47,000-லிருந்து 35,000 ஆகக் குறைகிறது. மேம்பாடு என்றால் இப்போது மெத்தை நாற்காலி.

சேப்பாக்கத்தின் மேம்பாட்டுக் கதை வேறு தினுசு. 2011 உலகக் கோப்பைக்காக, பார்வையை மறைத்த பழைய தூண்களை எடுத்துவிட்டு, கம்பி வடங்களில் தொங்கும் வெள்ளைக் கூரை போட்டார்கள். காலரிகளுக்கு நடுவே இடைவெளி விட்டதால் கடற்காற்று மறுபடி உள்ளே வந்தது. அவ்வளவும் செய்து கட்டிய ஐ, ஜே, கே என்ற மூன்று காலரிகள் அனுமதித் தகராறில் 2012இல் பூட்டப்பட்டன. சுமார் 12,000 இருக்கைகள். கூட்டம் நிரம்பி வழிந்த நாட்களிலும் தொலைக்காட்சியில் அந்த மூன்று மட்டும் பல் விழுந்த இடம் மாதிரி தெரிந்தன. 2019 ஐபிஎல் இறுதி ஆட்டம் சென்னையில் நடந்திருக்க வேண்டியது. அந்தக் காலரிகளைத் திறக்க அனுமதி கிடைக்காததால் ஹைதராபாதுக்குப் போயிற்று. மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் பழைய பெவிலியனை இடித்து எழுப்பிய கலைஞர் கருணாநிதி ஸ்டாண்ட் 2023 மார்ச் 17 அன்று திறக்கப்பட்டது. இப்போது மொத்தம் சுமார் 38,000 இருக்கை. மிச்சிகனில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகம்.

ஆனால் சமநிலை என்றால் உலகம் சேப்பாக்கத்தைத்தான் நினைக்கும். 1986 செப்டம்பர் 22 அன்று ஆஸ்திரேலியா 574, 170; இந்தியா 397, 347. இரு பக்கமும் 744. டெஸ்ட் சரித்திரத்தில் இரண்டாவது டை. அதன் பிறகு இன்னொன்று நடக்கவில்லை. அதை உடைக்க விதியும் இல்லை, குழுவும் இல்லை.

தமிழ்நாடு ரஞ்சியை வென்றது 1954-55, 1987-88 என்று இரண்டே தடவை. ரஞ்சி ஆட்ட நாளில் சேப்பாக்கம் காலரியில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. நங்கநல்லூர்க்காரர்கள் பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்கி, சாலையைத் தாண்டிப் பூங்கா நகரில் பறக்கும் ரயில் பிடித்தால் சேப்பாக்கம். ஒரு பென்சில் எடுத்துப் போங்கள், கோஷன்ட் போட.