அந்த அறுபது விநாடி

எங்கள் விடுதியில் வைஃபைக்கு நான்தான் 'இன்ஜினியர்'. (பட்டம் நானே கொடுத்துக்கொண்டது!) அக்கம்பக்கத்து ரவுட்டரெல்லாம் 36-ஆம் சேனலில் முட்டி மோத, காலியாகக் கிடந்த 100-க்கு எங்களுடையதை மாற்றினேன். "அது பழசுடா" என்று 2.4 கிகாஹெர்ட்ஸையும் அணைத்துவிட்டேன். வேகம் பறந்தது.

மூன்றாம் நாள். அறைத்தோழன் வேலைக்கான ஆன்லைன் தேர்வில் இருந்தான். திடீரென்று வைஃபையே காணோம். "மச்சான், என்னடா பண்ணே?" ஓடிப்போய் ரவுட்டரின் லாக்கைப் பார்த்தால், 'ரேடார்' என்று ஒரு வரி!

52 முதல் 64, 100 முதல் 144 வரை ரேடார்களின் இடம். அங்கே நாம் ஒண்டுக்குடித்தனம். ரேடார் துடிப்பு போல எது கேட்டாலும் 10 விநாடிக்குள் காலி செய்யணும், 30 நிமிடம் திரும்பக் கூடாது. ஓடிப்போன சேனலும் அதே வகை என்றால் 60 விநாடி வாய்மூடிக் கேட்ட பிறகுதான் பேசலாம். வந்தது நிஜ ரேடாரா, வெறும் இரைச்சலா என்ற விசாரணையெல்லாம் ரவுட்டரிடம் கிடையாது.

அவன் மறுபடி நுழைவதற்குள் தேர்வு மூடிவிட்டது. திட்டியிருந்தாலாவது பரவாயில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிரவே ரேடார் தொல்லையில்லாத 149-க்கு மாற்றினேன், 2.4-ஐயும் 1-ஆம் சேனலில் எழுப்பினேன்.

அடுத்த தேர்வை அவன் லேன் கேபிள் சொருகித்தான் எழுதினான். கேபிளை வாங்கி வந்தவன் நான்.