மிச்சம் வைத்த பலம்

வலைக்கொட்டகையின் கீற்று புகைகிறது என்று சத்தம் கேட்டதும் இரண்டு கையிலும் பத்து லிட்டர் வாளியோடு ஓடினேன். தன்னார்வத் தீயணைப்புக்குப் பெயர் கொடுத்திருந்த புதிது. கிளிஞ்சல்மேட்டுக் கரை மணல் கணுக்கால் வரை காலை வாங்கும். போய்ச் சேர்ந்தபோது வாளியில் பாதித் தண்ணீர் இருந்தது. அதைக் கூரைமேல் வீசக் கை எழவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு அக்கா வாங்கி வீசினார். தீ அடங்கியது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மட்டும் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

படகு தள்ளிய தோள், வலை இழுத்த கை. அப்படியிருந்தும் பலமெல்லாம் வழியிலேயே தீர்ந்துவிட்டது. சுமந்துபோய்ச் சேர்ந்த பிறகு உடம்பில் மிச்சம் இருக்கிறதே, அதைத்தான் அதன்பிறகு நான் பலம் என்று கணக்கு வைக்கிறேன்.

தண்ணீர் எவ்வளவு கனம் என்பது கடற்கரையில் பிறந்த எனக்கே குழாயைப் பிடித்தபோதுதான் புரிந்தது. தீயணைப்பு வண்டியில் இருக்கும் 63 மில்லிமீட்டர் குழாயில் 15 மீட்டர் நீளத்துக்கு நிற்கும் தண்ணீர் மட்டும் ஏறத்தாழ 47 கிலோ. தண்ணீர் ஏறிய பிறகு அதைத் திருப்புவது கரையில் புரளும் சுறாவைத் திருப்புவது போல. முனையில் 20 மில்லிமீட்டர் வாய் வைத்து 5 பார் அழுத்தத்தில் அடித்தால், பீய்ச்சும் தண்ணீர் பிடித்திருப்பவரை 32 கிலோ அளவுக்குப் பின்னால் தள்ளும். ஒரு நொடி தள்ளிவிட்டு ஓய்கிற விசை இல்லை அது. தண்ணீர் நிற்கும் வரை தள்ளிக்கொண்டே இருக்கும்.

இதற்கு வழி சொன்னது கரைவலை இழுத்து முதிர்ந்த என் பெரியப்பா. "கைய நம்பாதடா. கால ஊனு, ஒடம்பச் சாய்ச்சு, மூச்ச விட்டு இழு" என்றார். தம் கட்டி இழுத்துத்தான் எனக்குப் பழக்கம். கனம் தூக்கும்போது தம் கட்டினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். பத்து இழுப்பில் கண் இருட்டும். வெக்கையில் இதயம் ஏற்கெனவே இரட்டை வேலை பார்த்துக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் பணியில் இறக்கும் தீயணைப்பாளர்களில் ஏறத்தாழ பாதிப் பேரை வீழ்த்துவது நெருப்பு அல்ல, இதயம். இப்போது நான் கொடுக்கும் பயிற்சிக்கு நாற்பதைத் தாண்டியவர்கள் வந்தால் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை. கிழிந்த பழைய வலையைச் சுருட்டிக் கட்டி, கயிறு போட்டு மணலில் இழுக்கிறோம். நனைத்தால் குழாய் மாதிரியே மல்லுக்கு நிற்கும். 25 கிலோ அரிசிச் சாக்கில் மணல் நிரப்பித் தோளில் ஏற்றுகிறோம். 14.2 கிலோ சமையல் எரிவாயு உருளை, இரும்போடு சேர்த்து 30 கிலோ வரும். தீ எட்டும் முன் பக்கத்து வீட்டு உருளையை வெளியே கொண்டுவருவது எங்கள் வேலை. மூச்சுக்கருவி இல்லாமல் புகைக்குள் நுழையக் கூடாது என்பதால் வெளியிலேயே வேலை நிறைய: கீற்றைத் தொரட்டியால் இழுத்துப் பிரிப்பது, ஈரச்சாக்கு போடுவது, வண்டி வந்ததும் குழாய் இழுத்துக்கொடுப்பது. தொரட்டி தலைக்கு மேலே நிற்கிற வேலை. அதற்குக் கர்லாக்கட்டையை மிஞ்சிய பயிற்சி நான் கண்டதில்லை. காலுக்கு பஸ்கி. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். இடைப்பட்ட நாளில்தான் தசை ஊறுகிறது.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா திட்டத்தில் தன்னார்வலர்களுக்கு 12 நாள் பயிற்சி தந்தார்கள். நுட்பத்துக்கு அது போதும், உடம்புக்கு மாதங்கள் வேண்டும். வெக்கைக்குப் பழகவே பத்து, பதினான்கு நாள் ஆகும். அதனால் சித்திரையில் தொடங்குவது எனக்குப் பிடிக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள், கூரைகளும் அப்போதுதான் காய்ந்து கிடக்கும். தடைக்கு முந்தைய நாள் தீயணைப்பு வாரம் தொடங்கும். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சும் வெடிமருந்தும் ஏற்றிய ஃபோர்ட் ஸ்டிக்கைன் கப்பல் வெடித்து மாண்ட தீயணைப்பாளர்களின் நினைவு அது. காலையில் உப்புப் போட்ட நீராகாரம் குடித்துவிட்டு, வெயில் ஏறும் முன் மணலில் இறங்குகிறோம்.

2004 என்றாலே எங்களுக்கு டிசம்பர் 26-ன் அலைதான். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கீற்றுக்கொட்டகை எரிந்து 94 குழந்தைகள் போனார்கள். கீற்று எவ்வளவு நேரம் தரும் என்று அந்தக் கூரையை நினைத்துத்தான் கணக்குப் போடுகிறேன். சில நிமிடம்தான் தரும்.

அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரே சோதனை. இரண்டு வாளி நிறைய தண்ணீரோடு மணலில் இருநூறு அடி போக வேண்டும், வீச வேண்டும், உடனே "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று உரக்கக் கூப்பிட வேண்டும். குரல் உடைந்தால் சுமையைக் குறைத்து மறுபடி. போன மாதம் சேர்ந்த தம்பிக்கு மூன்று வாரம் காற்று மட்டும்தான் வந்தது. நேற்று அவன் கூப்பிட்டதில் படகடியில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியப்பா எழுந்து நின்று பார்த்தார்.