ஹிண்டலோப்பன் பெண்களின் சோழமண்டல அங்கி

நெதர்லாந்தின் எங்க்ஹாய்சன் துறையிலிருந்து ஸ்டாவொரனுக்குக் கோடைக்காலத்தில் பயணிகள் படகு ஓடுகிறது. அது கடக்கும் ஐசல்மீர் இன்று நன்னீர் ஏரி. 1932இல் நீண்ட அணை கட்டி வாயை அடைக்கும்வரை அது சாய்டர்சே என்ற கடல். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளைகளில் ஒன்று எங்க்ஹாய்சனில் இருந்தது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் மசூலிப்பட்டினத்திலும் கப்பலேறிய துணிமூட்டைகள் இந்த நீர்ப்பரப்பைத் தாண்டித்தான் ஆம்ஸ்டர்டாம் கிடங்குகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தத் துணியை உடுத்திய பெண்களின் ஊரைப் பார்க்கவே நான் படகேறினேன்.

எந்த நாட்டுக்குப் போனாலும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் பெண்களின் பழைய உடைகளைத் தேடிப் பார்ப்பது என் வழக்கம். ஓவியத்தில் இருக்கும் பெண்ணை ஓவியன் தன் விருப்பப்படி அழகாக்கிவிடலாம். உடை அப்படியில்லை. உடுத்தியவளின் தோள் அகலம், இடுப்புச் சுற்றளவு, பிள்ளை பெற்ற பிறகு பிரித்து விட்ட தையல், வியர்வையில் நிறம் மாறிய அக்குள் என்று எல்லாம் அதில் தங்கிவிடுகின்றன. பெரும்பாலான பெண்கள் தம்மைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைக்காத காலங்களை அறிய இதைவிட நேர்மையான சாட்சி வேறில்லை.

ஸ்டாவொரனில் இறங்கிச் சின்ன ரயிலில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் ஹிண்டலோப்பன். நிலையத்திலிருந்து மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே நடந்துதான் ஊருக்குள் போகவேண்டும். பிரீஸ்லாந்து மாகாணத்தின் பதினொரு பழைய நகரங்களில் ஒன்று என்றாலும், அளவில் நம்மூர்க் கடற்கரைக் கிராமம்தான். வாய்க்கால்கள், அவற்றின் மேல் மரப்பாலங்கள், செங்கல் வீடுகள், சாய்ந்து நிற்கும் தேவாலயக் கோபுரம்.

18ஆம் நூற்றாண்டில் இங்கே பணம் புழங்கியது. ஊர் ஆண்களில் பெரும்பாலோர் கப்பல்காரர்கள். ஆம்ஸ்டர்டாம் வணிகர்களுக்காக நார்வேயிலிருந்து மரமும் பால்டிக் துறைமுகங்களிலிருந்து தானியமும் ஏற்றி வந்தார்கள். வசந்தத்தில் புறப்பட்டால் குளிர் தொடங்கும்போதுதான் திரும்புவார்கள். அதுவரை பெரிய வீட்டைப் பூட்டிவிட்டு, பின்னாலிருக்கும் 'லிக்ஹூஸ்' என்ற சிறு வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் குடியிருப்பார்கள். அந்தச் சிறு வீடுகள் சில இன்னும் இருக்கின்றன. வருடத்தின் பெரும்பகுதி குடும்பமும் ஊரும் பெண்கள் பொறுப்பில் இருந்தன. ஆம்ஸ்டர்டாமின் கம்பெனிச் சரக்கு கப்பல்காரர்களின் கைக்கு எட்டியதால், அதில் மிகச் சிறந்த துணி இந்தச் சிற்றூர்ப் பெண்களின் உடம்பில் ஏறியது.

அந்த உடையை 'வெண்ட்கே' என்கிறார்கள். முன்புறம் திறந்த நீண்ட அங்கி. ஒடுங்கிய கைகள், உடம்பை ஒட்டிய மேல்பகுதி, பின்னால் மடிப்பு மடிப்பாக விரிந்து பாதம்வரை இறங்கும் கீழ்ப்பகுதி. துணியோ நம் சீட்டித் துணி. அச்சுக்கட்டையால் பதித்தது அல்ல, சோழமண்டலக் கரையில் மூங்கில் குச்சியால் ஒவ்வொரு கோடாகக் கையால் எழுதியது.

ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு வெண்ட்கேயின் முன்னால் நெடுநேரம் நின்றேன். வெள்ளைத் தரையில் ஒரு கொடி வளைந்து மேலேறுகிறது. அதில் மாதுளையா, சாமந்தியா, கற்பனைப் பூவா என்று சொல்லமுடியாத பெரிய பூக்கள். இதழ்களின் சிவப்பு நேற்றுத் தோய்த்ததைப் போல அழுத்தமாக இருக்கிறது. குனிந்து பார்த்தால் அந்தச் சிவப்புக்குள் தலைமுடி கனத்தில் வெள்ளைக் கோடுகள். அவை பிறகு தீட்டியவை அல்ல. சாயம் ஏறக்கூடாத இடத்தில் உருகிய மெழுகால் முன்கூட்டியே கோடிழுத்து வைத்து, சாயம் ஏறிய பின் மெழுகை நீக்கி எடுத்த வெண்மை அது. கோடிழுத்த கை எங்கும் நடுங்கவில்லை. இடுப்புக்கு அருகே, மடிப்பு மறைக்கும் இடத்தில், கையளவுத் துண்டு ஒன்று ஒட்டுப் போடப்பட்டிருக்கிறது. கொடியின் தண்டு அறுபடாமல் தொடரும்படி ஒட்டுத் துண்டைத் திருப்பிப் பொருத்தியிருக்கிறாள் தையல்காரி. துணி விலையுயர்ந்தது, கை உழைப்பு மலிவு. அதனால்தான் ஒரு விரற்கடைத் துணிகூட வீணாகவில்லை.

இலைகள் எல்லாம் நீலமாக இருக்கின்றன. உலகில் எந்தச் செடிக்கும் இப்படி இலை இல்லையே என்று பார்ப்பவர்கள் வியக்கலாம். எழுதியவன் அவற்றைப் பச்சையாகத்தான் எழுதினான். நீலத்தின் மேல் மஞ்சள் தீட்டினால் பச்சை. மஞ்சள் மட்டும் வெயிலிலும் சலவையிலும் நிற்காமல் காலப்போக்கில் போய்விட்டது. அவுரி தந்த நீலம் தங்கிவிட்டது.

இந்தத் துணிக்கு ஐரோப்பா மயங்கியதற்குக் காரணம் அழகு மட்டுமில்லை. பருத்தியில் துவைத்தாலும் போகாத சிவப்பை ஏற்றும் வித்தை அப்போது அங்கே யாருக்கும் கைவரவில்லை. சோழமண்டலத்தில் அது பரம்பரைத் தொழில். வெளுத்த துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறவைப்பார்கள். பாலின் கொழுப்பு, எழுதும் கோடு கசிந்து பரவாமல் தடுக்கும். இரும்புக் காடியால் கறுப்புக் கோடுகள். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசல். பிறகு சாயவேர் போட்டுக் கொதிக்க வைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பற்றிக்கொள்ளும். நீலம் வேண்டாத இடங்களையெல்லாம் மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் தோய்ப்பார்கள். கடைசியாகக் கஞ்சி போட்டுச் சங்கால் தேய்த்து மினுக்குவார்கள். இம்பூறல் என்றும் பெயர் கொண்ட சாயவேர், சிப்பிச் சுண்ணாம்பு கலந்த கடலோர மணலில் விளைந்தால் சிவப்பு கூடுதலாகப் பிடிக்கும். மன்னாரிலும் யாழ்ப்பாணத் தீவுகளிலும் அந்த வேரைத் தோண்டி எடுக்கும் உரிமையை ஒல்லாந்தர் தம் கையில் வைத்திருந்தார்கள்.

ஹிண்டலோப்பனில் என்னைப் பெரிதும் கவர்ந்தது, அந்தப் பெண்கள் இத்துணியைத் தம் வாழ்க்கையோடு பிணைத்துக்கொண்ட விதம். மணமான பெண் தலையில் உயரமான அட்டைக் கூட்டை வைத்து அதன் மேல் துணி சுற்றிக் கட்டுவாள், கன்னிப்பெண் கட்டமாட்டாள். மகிழ்ச்சியான நாட்களுக்குச் சிவப்புப் பூக்கள். வீட்டில் சாவு விழுந்தால் சிவப்பு விலகி, நீலமும் வெள்ளையுமான சீட்டி வரும். துக்கத்தின் படிகளை உடையின் நிறமே சொல்லிவிடும். கடலுக்குப் போன ஆண்கள் திரும்பாமல் போவது சகஜமாக இருந்த ஊரில், எதிரே வருபவளிடம் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்பதைத் தூரத்திலேயே தெரிந்துகொள்ளலாம். கம்பெனி தன் வாடிக்கையாளர்களுக்குப் பிடித்த மாதிரிகளைச் சோழமண்டலக் கரைக்கு அனுப்பி எழுதச் சொன்னது. யாருடைய சாவுக்கென்று தெரியாமலே, நம் கரையில் ஒருவர் நீலப் பூ எழுதிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாகாணத் தலைநகர் லேவார்டனுக்குப் போனேன். 1877இல் அங்கே நடந்த வரலாற்றுக் கண்காட்சியில் ஹிண்டலோப்பன் வீட்டு அறை ஒன்றை அப்படியே அமைத்து, பொம்மைகளுக்கு வெண்ட்கே உடுத்தி நிறுத்தினார்கள். மக்கள் திரண்டு பார்த்தார்கள். அடுத்த ஆண்டு அதே போன்ற அறை பாரிஸ் உலகக் கண்காட்சிக்குப் போயிற்று. ஊரில் அந்த உடை வழக்கொழிந்துகொண்டிருந்த நேரம் அது. இன்று லேவார்டனின் பிரீஸ் மியூசியத்தில் சீட்டி உடைகளின் பெரிய தொகுப்பு இருக்கிறது. துணியைக் காட்டும் கூடங்களில் வெளிச்சம் சுமார் 50 லக்ஸுக்குள் இருக்கவேண்டும் என்பது காப்பாளர்களின் விதி. முதலில் இருட்டாகத் தோன்றும். பொறுத்திருந்தால் கண் பழகி, பூக்கள் ஒவ்வொன்றாகத் துலங்கும். அவசரக்காரர்களுக்கு இந்த உடைகள் தம்மைக் காட்டுவதில்லை.

இதே துணிக்கு இங்கிலாந்தில் நேர்ந்த கதை வேறு. சொந்த நாட்டுப் பட்டும் கம்பளியும் விலைபோகவில்லை என்று 1719இல் லண்டன் நெசவாளர்கள் கொதித்தெழுந்து, சீட்டி உடுத்திய பெண்களைத் தெருவில் துரத்தி உடையைக் கிழித்தார்கள். 1721இல் நாடாளுமன்றம் அதை உடுத்துவதையே தடைசெய்தது. தடை 1774வரை நீடித்தது. பிரான்சில் 1686 முதல் 1759வரை தடை. இருந்தும் பெண்கள் உடுத்தினார்கள். தடைக் காலத்துச் சீட்டிக் கவுன்கள் அருங்காட்சியகங்களில் இருப்பதே அதற்குச் சான்று. நெதர்லாந்தில் தடை வரவில்லை. அதனால்தான் அங்கே கப்பல்காரர் மனைவியின் அலமாரியிலும் இந்தத் துணி இடம்பிடித்தது.

சில உடைகளில் பெயரும் தங்கிவிடுகிறது. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 1740களின் அரசவை உடை ஒன்று இருக்கிறது. 'மான்டுவா' என்பார்கள். இரு பக்கமும் அகன்று நீளும் பாவாடை முழுக்க வெள்ளி இழையில் பூவேலை. வெள்ளி மட்டும் கிட்டத்தட்ட 10 பவுண்டு, அதாவது நாலரைக் கிலோ. அதன் பின்தொங்கலில் ஒரு கையெழுத்து இருக்கிறது. மேடம் லெகான்ட் என்பவரிடமிருந்து பெற்றுக்கொண்டதாக மேக்டலின் ஜைல்ஸ் என்ற பெண் போட்டது. சுமார் 280 ஆண்டுகளுக்குப் பிறகும், இந்த வேலையோடு தொடர்புடைய பெண்களின் பெயர்கள் நமக்குத் தெரிகின்றன.

வெண்ட்கேயை எழுதியவர் பெயர் எங்கும் இல்லை. செய்முறை மட்டும் கவனமாகக் குறிக்கப்பட்டது. கேர்தூ என்ற ஏசுசபைப் பாதிரியார் தன்னிடம் ஞானஸ்நானம் பெற்ற சாயக்காரர்களிடம் கேட்டறிந்து, 1742இல் பிரான்சுக்கு விரிவான கடிதம் எழுதினார். அந்த அறிவு பயணம் போயிற்று. அறிவித்தவர்கள் பெயரில்லாமல் நின்றார்கள். அருங்காட்சியகச் சீட்டுகளில் 'சோழமண்டலக் கரை, இந்தியா' என்ற வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையும் ஆற்றாமையும் சேர்ந்தே வருகின்றன.

அந்தத் தொழில் நம்மிடம் முற்றிலும் அழிந்துவிடவில்லை. கும்பகோணம் பக்கத்தில் கோயில்களுக்கான விதானங்களையும் தொம்பைகளையும் கையால் எழுதும் குடும்பங்கள் இருக்கின்றன. கருப்பூர் கலம்காரி என்ற இந்தக் கலைக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் இந்த உடைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். போகமுடியாதவர்கள் இந்தக் குடும்பங்களைப் போய்ப் பாருங்கள். எழுதியவர் பெயரைக் கேளுங்கள். துணி வாங்கினால் அதன் ஓரத்தில் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

ஹிண்டலோப்பன் உடைகள் தப்பிப் பிழைத்தது பெண்கள் அவற்றைத் தலைமுறை தலைமுறையாக எடுத்துவைத்ததால்தான். நம் வீட்டுப் பெட்டிகளிலும் பாட்டியின் கூறைப்புடவையும் அத்தையின் ரவிக்கையும் கிடக்கின்றன. யார் உடுத்தியது, எந்த ஆண்டு, எந்த ஊர்த் தறி, யார் தைத்தது என்பதைச் சொல்லத் தெரிந்தவர்கள் இப்போது நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே ஒரு காகிதத்தில் எழுதி, துணியோடு சேர்த்து வைத்துவிட வேண்டும். நாளை அது எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் போனாலும், பெயரோடு போகட்டும்.