பித்தளையைத் துடைக்காதீர்கள்

முதல் உலகப்போர் காலத்துக் கார்ட்டூன்களில் ஜெர்மானியச் சிப்பாயைக் கண்டுபிடிப்பது ரொம்ப சுலபம். முறுக்கு மீசை, தலையில் ஈட்டிமுனை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தொப்பி. அதன் பெயர் பிக்கல்ஹௌபே. ஹிட்லர் படையினர் போரில் போட்டது என்று நினைத்தால் தப்பு. பிரஷ்ய மன்னர் நான்காம் பிரெடெரிக் வில்லியம் 1842-ல் தன் படைக்குக் கொண்டுவந்தது அது. 1916-ல் எஃகுத் தலைக்கவசம் வந்ததும் போர்முனையிலிருந்து மெல்ல மெல்ல மறைந்தது.

அமெரிக்கா 1919-ல் போர்க்கடன் பத்திரம் விற்றபோது, கைப்பற்றிய தொப்பிகளைப் பரிசாகக் கொடுத்தது. நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே ஆயிரக்கணக்கான தொப்பிகளை அடுக்கி பிரமிடே கட்டினார்கள்! அதனால்தான் இன்றும் அங்கே யாராவது தாத்தா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தால் ஒன்று அகப்படுகிறது. அகப்பட்டதும் பேரன் செய்யும் முதல் வேலை, பித்தளை பாலிஷ் வாங்கிவந்து பளபளவென்று தேய்ப்பது. நூறு வருடம் தப்பித்த பொருள் அரை மணி நேரத்தில் பாதி மதிப்பை இழக்கிறது.

சரி, எதைப் பார்க்க வேண்டும்? முதலில் முன்பக்கத் தகடு. அன்றைய ஜெர்மனி ஒரே பேரரசு என்றாலும் உள்ளே பல அரசுகள். கழுகு என்றால் பெரும்பாலும் பிரஷ்யா. இரண்டு சிங்கங்கள் தாங்கும் சின்னம் பவேரியா. கிரிஃபின் என்ற கழுகுத்தலை மிருகம் பாடன். அடுத்து பக்கவாட்டில் உள்ள வட்ட வில்லைகள். 1897-க்குப் பிறகு வலப்பக்கம் பேரரசின் கறுப்பு-வெள்ளை-சிவப்பு, இடப்பக்கம் அந்தந்த அரசின் நிறம். உச்சியில் முனைக்குப் பதில் உருண்டை இருந்தால் பீரங்கிப் படை. முனையைக் கழற்ற முடிந்து, உலோகமெல்லாம் சாம்பல் நிறத்தில் இருந்தால் 1915 மாடல். பித்தளைக்கு வந்த பஞ்சம் அதில் தெரியும். தோல் தட்டுப்பாட்டால் கம்பளி அட்டையிலும் தகரத்திலும்கூடச் செய்தார்கள்.

ஆனால் உண்மையான கதை உள்ளே இருக்கிறது. சாதாரணச் சிப்பாயின் தொப்பியில் தடித்த தோல், விரல் விரலாக வெட்டிய தோல் உள்பட்டை, பின்பக்கம் படைப்பிரிவு எண், வருட முத்திரை. அதிகாரியுடையது சொந்தக் காசில் வாங்கியது. மெல்லிய தோல், பட்டுத்துணி, தங்க முலாம். அதனால் விலையும் கூடுதல். இங்கேதான் தில்லுமுல்லு ஆரம்பிக்கிறது. சிப்பாயின் தொப்பியில் அதிகாரியின் தகட்டை மாட்டி விற்பார்கள். நிறைய கிடைக்கும் பிரஷ்யக் கழுகைக் கழற்றிவிட்டு, அரிதான சிறு அரசின் தகட்டை வைப்பார்கள்.

இதைக் கண்டுபிடிக்கும் வழி ரொம்ப எளிது. தகட்டுக்குப் பின்னால் உள்ள துளைகளைப் பார்த்தால் போதும். எல்லாத் தகட்டுக்கும் துளை ஒரே இடத்தில் வராது. மாட்டும் விதமும் வேறு: சிப்பாய்க்கு வளையம், அதிகாரிக்குப் பெரும்பாலும் மரையும் நட்டும். இரண்டு துளை வேண்டிய இடத்தில் நான்கு இருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். நம்மூரில் வீடு வாங்கும்போது வில்லங்கம் பார்ப்பதில்லையா, அதே வேலைதான். இந்தத் தொப்பிக்கு வில்லங்கச் சான்றிதழ் அந்தத் துளைகள்தான்.

இதில் நம்ம நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. சந்தையில் புழங்கும் புது நகல்களில் நிறைய இந்தியாவில் செய்தவை. நாடகத்துக்கும் சினிமாவுக்கும் என்று செய்து, நகல் என்று சொல்லி விற்றால் தப்பே இல்லை. நாலு கை மாறும்போது யாரோ ஒருவர் அதற்கு அழுக்கேற்றி, தேயவைத்து, அசல் என்கிறார். குற்றம் அங்கே நடக்கிறது. ஒரே சீரான கறுப்பு, ஒரே சீரான தேய்மானம், வியர்வையே படாத உள்பட்டை... இவை மூன்றும் சேர்ந்திருந்தால் பர்ஸை மூடிக்கொள்வது நல்லது.

விலையைத் தீர்மானிப்பது அரிதா இல்லையா என்பது மட்டும் இல்லை. எல்லா பாகமும் ஒரே தொப்பியில் பிறந்தவையா என்பதுதான் பெரிய கேள்வி. வெடித்த தோலும், மங்கிய கழுகும், படிக்க முடிகிற முத்திரையும் உள்ள ஒரு சிப்பாய்த் தொப்பி, அதிகாரி வேஷம் போட்ட பளபளப்பான தொப்பியைவிட மேல். ஏனென்றால் அந்த முத்திரையை வைத்து, எந்தப் படைப்பிரிவின் எவனோ ஒரு இருபது வயதுப் பையன் இதைப் போட்டிருந்தான் என்று சொல்ல முடியும். தகட்டை மாற்றினால் அவன் பொய்யாகிறான். முத்திரையைத் தேய்த்தால் காணாமலே போகிறான்.

பரணில் அகப்பட்டால் தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டினால் போதும். எண்ணெய் வேண்டாம், பாலிஷ் வேண்டாம். அந்த அழுக்குதான் அவன் விட்டுப்போன ஒரே கையெழுத்து.