சுவருக்கு ஓடு வேய்ந்த மாளிகை

நம் ஊர்களில் ஓட்டு வீடு என்றால் கூரைக்கு ஓடு வேய்ந்த வீடு. மெக்ஸிகோ நகரின் மதேரோ வீதிக்கு நீங்கள் சென்றால், சுவர்களுக்கு ஓடு வேய்ந்த மாளிகையொன்றைக் காண்பீர்கள். வெண்மையும் நீலமும் மஞ்சளும் கலந்த பீங்கான் ஓடுகள் அதன் மூன்று புறங்களையும் போர்த்தியிருக்கின்றன.

ஒரிஸாபா பள்ளத்தாக்குப் பிரபுக்களின் மாளிகையாக இருந்த இது, 18ஆம் நூற்றாண்டில் இக்கோலம் பூண்டது. “நீயாவது, ஓட்டு மாளிகை கட்டுவதாவது!” என்று தந்தை இகழ, ஊதாரி மகன் திருந்திக் கட்டிக் காட்டினானாம். செவிவழிக் கதைதான், ஆயினும் சுவையானது.

அதனினும் சுவையானது மாளிகையின் பெயர்: ‘காஸா தே லோஸ் அஸுலேஹோஸ்’. ஸ்பானிய மொழியில் ‘அஸுல்’ என்றால் நீலம். ஆகவே, நீல நிறத்தால் வந்த பெயர் என்று எண்ணுவோர் பலர். உண்மையில் ‘அஸுலேஹோ’, ‘அஸ்ஸுலைஜ்’ என்ற அரபுச் சொல்லின் திரிபு; மெருகேற்றிய ஓட்டைக் குறிப்பது. அந்த ‘அஸுல்’ மட்டும் என்ன? பாரசீகத்தின் ‘லாஜவர்த்’ அரபு வழியே ஸ்பெயின் சென்று அவ்வாறாயிற்று!

பெயர் மட்டுமா நம்மவருடையது? ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், அப்பாஸிய கலீஃபாக்களின் ஆட்சியில், பஸ்ராவின் குயவர்கள் சீனப் பீங்கானின் வெண்மையைக் கண்டு வியந்தனர். அத்தகைய வெண்களிமண் அவர்களிடம் இல்லை. எனவே வெள்ளீயச் சாம்பல் கலந்த மெருகைச் சாதாரண மண்பாண்டத்தின் மீது பூசி வெண்மையாக்கி, கோபால்ட் நீலத்தால் பூவும் எழுத்தும் தீட்டினர். அக்கலை அந்தலூஸில் வேரூன்றியது. பின்னர் ஸ்பானியக் கைவினைஞர்கள் அதை மெக்ஸிகோவின் புவெப்லா நகருக்குக் கொண்டு சென்றனர். இம்மாளிகையின் ஓடுகள் அங்கே சுடப்பட்டவையே.

1492இல் கிரானடா வீழ்ந்தது. அதன்பின் முஸ்லிம்களும், மதம் மாற்றப்பட்ட அவர்தம் சந்ததியரும் அமெரிக்கக் கண்டத்துக்குக் குடியேறலாகாது என்று ஸ்பானிய அரசு தடை விதித்தது. 1609 முதல் அச்சந்ததியர் ஸ்பெயினைவிட்டே துரத்தப்பட்டனர். கப்பலேறும் உரிமை மனிதருக்கு மறுக்கப்பட்டது. அவர்களின் கைத்தொழிலோ கடல் கடந்து, ஒரு கிறிஸ்தவப் பிரபுவின் சுவரில் ஏறி அமர்ந்துவிட்டது.

1919இல் சான்பார்ன் சகோதரர்களின் உணவகம் இங்கே இடம்பெற்றது. கண்ணாடிக் கூரையிட்ட நடுமுற்றத்தில், நீரூற்றின் அருகே அமர்ந்து உண்ணலாம். ஆனால் மெக்ஸிகோ சமையலில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பது சாதாரணம்; கேட்டறிந்தே உண்ணுங்கள். அப்படியே சுவரைச் சுட்டி அதன் பெயரையும் கேளுங்கள். பரிமாறுபவர் தம்மை அறியாமலே ஓர் அரபுச் சொல்லை உச்சரிப்பார்.