செஸ்நட் குன்றின் பனித்தரை

பாஸ்டன் நகரின் நடுவிலிருந்து பச்சை வழித்தடத்தில் புறப்படும் டிராம் வண்டி, காமன்வெல்த் சாலையோடு நெடுநேரம் ஊர்ந்து, மேடேறி, இனிச் செல்லத் தண்டவாளம் இல்லை என்னும் இடத்தில் நின்றுவிடுகிறது. அந்த நிலையத்தின் பெயரே 'பாஸ்டன் காலேஜ்'. இறங்கியதும் புனித இஞ்ஞாசியார் ஆலயத்தைக் காண்கிறோம். சற்று மேலே நடந்தால் காசன் மண்டபத்தின் கற்கோபுரம் மரங்களுக்கு மேலாகத் தலைநீட்டுகிறது. திருச்சி புனித வளனார் கல்லூரியையும் சென்னை இலயோலாவையும் அறிந்த நமக்கு இச்சூழல் அன்னியமாகத் தோன்றுவதில்லை. இதுவும் சேசு சபையார் கட்டிய வீடுதான்.

1863-ஆம் ஆண்டு இக்கல்லூரிக்குச் சாசனம் பெற்றவர் ஜான் மெக்எல்ராய் என்னும் சேசு சபைக் குரு. பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறி வந்த ஐரிஷ் கத்தோலிக்கர்களை ஏளனமாகப் பார்த்த நகரம் அன்றைய பாஸ்டன். ஐரிஷ்காரர் விண்ணப்பிக்க வேண்டா என்று வேலை விளம்பரத்திலேயே அச்சிட்ட காலம் அது. அவர்களுடைய பிள்ளைகளுக்காக நகரின் தென்பகுதியில் தொடங்கிய கல்லூரி அது. அதற்காக 1907-இல் தந்தை தாமஸ் காசன் இக்குன்றை வாங்கினார். 1913-இல் முதற்கட்டடம் திறக்கப்பட்டது. கல்லூரியின் முத்திரையில் கிரேக்க மொழியில் ஒரு விருதுவாக்கு உண்டு. எப்போதும் முதன்மையையே நாடும்படி அது மாணவர்களைப் பணிக்கிறது. அந்த வாசகத்தை இங்கே மிகவும் மெய்யாக எடுத்துக்கொண்டவர்கள் ஹாக்கி ஆடுவோரே என்று நமக்குத் தோன்றியது.

நம் ஊரில் ஹாக்கி என்றால் மண்தரையும் பந்தும் வெயிலும் நினைவுக்கு வரும். இங்கே ஹாக்கி என்றால் பனிக்கட்டி. ஆலயத்திலிருந்து சில நிமிட நடையில் உள்ளது கோன்டே அரங்கம், 1988-இல் திறக்கப்பட்டது. உள்ளே இருக்கும் பனித்தரைக்குக் கெல்லி என்பவரின் பெயர். கல்லூரியின் ஆடவர் அணியைப் பல்லாண்டு பயிற்றுவித்து 501 வெற்றிகள் கண்டவர் அவர். இதே மண்டபத்தில் கூடைப்பந்தும் ஆடுகிறார்கள். அந்நாட்களில் பனிக்கட்டியை உருக்கிவிடுவதில்லை. அதன் மேலேயே பலகைத் தளத்தைப் பரப்பிவிடுகிறார்கள். காலடியில் பனி உறைந்து கிடப்பதை நினையாமலேயே மக்கள் பந்தாட்டம் பார்த்துச் செல்கிறார்கள்!

பனித்தரை 200 அடி நீளம். அதன் அடியில் உள்ள குழாய்களில் குளிரூட்டிய திரவம் ஓடிக்கொண்டேயிருக்க, அதன் மீது தண்ணீரை மெல்லிய படலம் படலமாகத் தெளித்து உறைய வைக்கிறார்கள். பனிக்கட்டியின் கனம் ஓரங்குலத்தைச் சற்றே தாண்டும். ஆட்ட இடைவேளையில் ஜாம்போனி என்னும் வண்டி வந்து, கீறல் விழுந்த மேற்பரப்பைச் சீவி, வெந்நீரைப் பரப்பிச் செல்கிறது. பனியை மெழுக வெந்நீரா என்று கேட்கத் தோன்றும். வெந்நீர் கீறல்களின் விளிம்பை உருக்கி, பழைய பனியோடு ஒன்றாய் உறைந்து கண்ணாடிபோல் ஆகிவிடுகிறது.

பந்துக்குப் பதில் 'பக்' என்னும் ரப்பர் வட்டு. 3 அங்குல விட்டம், 1 அங்குலக் கனம். துள்ளாதிருப்பதற்காக அதையும் முன்கூட்டியே உறைய வைக்கிறார்கள். கோல் காப்பவரோடு சேர்த்து ஒரு பக்கத்துக்கு 6 பேர். 20 நிமிடங்களாக மூன்று பகுதிகள். ஒருவர் முழு வேகத்தில் ஒரு நிமிடம் ஆடுவதே அரிது. அதற்குள் மூச்சிரைத்து, தடுப்பைத் தாண்டி வெளியேற, மற்றொருவர் ஆட்டம் நிற்காமலேயே உள்ளே குதிக்கிறார். பெண்கள் ஆட்டத்தில் உடலால் மோதி வீழ்த்துவது தடை செய்யப்பட்டிருக்கிறது. முகத்தைக் கம்பிவலை மறைக்கிறது. ஆகவே அங்கே ஓங்கி நிற்பது முரட்டுத்தனம் அல்ல. வேகமும், பக்கைத் தோழியின் மட்டைக்கு மிகச் சரியாக அனுப்பும் நுட்பமுமே.

பெண்கள் இக்குன்றுக்கு வந்த வரலாறும் நீண்டதே. 1970-இல்தான் கல்லூரியின் எல்லாத் துறைகளும் அவர்களுக்குத் திறந்தன. சில ஆண்டுகளில், திரு இருதயச் சபைக் கன்னியர் அருகில் நடத்திவந்த நியூட்டன் மகளிர் கல்லூரியும் இதனோடு இணைந்தது. 1972-இல் வந்த அமெரிக்கச் சட்டம், அரசுப் பணம் பெறும் கல்விக்கூடங்கள் பெண்களை எதிலும், விளையாட்டிலும்கூட, ஒதுக்கக் கூடாது என்றது. 1990-களில் மகளிர் ஹாக்கி இங்கே முறையான அணி ஆயிற்று. பெண் பிள்ளை பத்தாம் வகுப்பை எட்டியதும் விளையாட்டுக் காலணியைப் பரணில் போட்டுவிடும் வீடுகள் நம் பங்குகளில் இல்லாமல் இல்லை. அவ்வீட்டார் இந்த வரலாற்றைச் சற்று நின்று படிப்பது நலம்.

2007-இல் இவ்வணியின் தலைமைப் பயிற்சியாளரானவர் கேட்டி கிங். மணத்துக்குப்பின் கிங் குரோலி என வழங்கப்படுபவர். 1998, 2002, 2006 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் ஆடி முறையே தங்கம், வெள்ளி, வெண்கலம் பெற்றவர். உயரத்திலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கிய அந்த மூன்று பதக்கங்களும் அவருக்குத் தோல்வியைப் பற்றி எவ்வளவோ கற்றுத் தந்திருக்கும். அந்தப் பாடம் பின்னால் தேவைப்பட்டது.

2014–15-ஆம் பருவத்தில் அவருடைய அணி 34 ஆட்டங்களில் வென்றது, இரண்டு சமன், தோற்றவை மூன்றே. ஆனால் அந்த மூன்றும் எவை? பாஸ்டனின் நான்கு பல்கலைக்கழகங்கள் மோதும் 'பீன்பாட்' கோப்பையின் இறுதியாட்டம் முதலாவது. அதில் ஹார்வர்டிடம் தோல்வி. (பீன்பாட் என்றால் அவரைப்பானை. ஓய்வுநாளில் அடுப்பு மூட்டாத பழைய பியூரிட்டன் வழக்கத்தால் சனிக்கிழமையே அவரையைப் பானையில் வேகவைத்த ஊர் இது.) இரண்டாவது, ஹாக்கி ஈஸ்ட் லீகின் இறுதியாட்டம்; பாஸ்டன் பல்கலைக்கழகத்திடம் தோல்வி. மூன்றாவது, தேசியப் போட்டியின் அரையிறுதி. மறுபடியும் ஹார்வர்டு, 2–1. கோப்பை மேசைமேல் இருந்த நாட்களில் மட்டும் கை நழுவிற்று. அவ்வாண்டின் தலைசிறந்த கல்லூரி வீராங்கனைக்கான பட்டி காஸ்மையர் விருது இவ்வணியின் அலெக்ஸ் கார்ப்பென்டருக்குக் கிடைத்தது என்பது ஓர் ஆறுதல். 1990-இல் 28 வயதிலேயே நோயால் மறைந்த ஒரு பிரின்ஸ்டன் வீராங்கனையின் பெயரால் வழங்கப்படும் விருது அது.

அடுத்த பருவம் 2015 அக்டோபரில் தொடங்கியது. கார்ப்பென்டருக்கு அது கடைசி ஆண்டு. ஹேலி ஸ்கரூப்பாவுக்கும் அப்படியே. தற்காப்பில் மேகன் கெல்லர், கோல் முன்னே கேட்டி பர்ட், இருவரும் இரண்டாமாண்டு மாணவியர். அக்டோபர் கடந்தது, தோல்வி இல்லை. கிறிஸ்து பிறப்பு விழா வந்தது, தோல்வி இல்லை. பிப்ரவரியில் நார்த்ஈஸ்டர்னை வென்று அவரைப்பானையைக் கைப்பற்றினர். தவக்காலத்தில், முந்தைய ஆண்டு தங்களை வீழ்த்திய அதே பாஸ்டன் பல்கலைக்கழகத்தை வீழ்த்தி லீக் கோப்பையையும் வென்றனர். தேசியப் போட்டியின் காலிறுதி இதே கோன்டே அரங்கில் நடந்தது; அதிலும் வெற்றி. இழந்த மூன்றில் இரண்டை மீட்டாயிற்று. எஞ்சியது ஒன்று.

அதற்காக அவர்கள் சென்ற இடம் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் டர்ஹாம். பாஸ்டனின் வடக்கு நிலையத்தில் டவுன்ஈஸ்டர் என்னும் ரயிலேறினால், எக்ஸிட்டர் வழியாகச் சென்று பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே இறங்கிக்கொள்ளலாம். சிற்றூர்தான், பல்கலைக்கழகமே ஊர் எனலாம். அங்கேயுள்ள விட்டமோர் அரங்கின் பனித்தரை அந்நாளில் வழக்கத்தைவிட அகலமாக, ஒலிம்பிக் அளவில் இருந்தது.

2016 மார்ச் 18, வெள்ளிக்கிழமை அரையிறுதி. எதிரணி கிளார்க்சன். ஆட்டம் 2–2 என முடிந்து கூடுதல் நேரத்துக்குச் செல்ல, கார்ப்பென்டர் அடித்த கோலால் பாஸ்டன் கல்லூரி வென்றது. அது நாற்பதாவது வெற்றி. மறுநாள் ஆட்டமில்லை, புனித சூசையப்பரின் திருநாள். தச்சர் என்று பொருள்படும் குடும்பப் பெயரைக் கொண்ட பெண்ணின் கோலுக்கு மறுநாள் தச்சரின் திருநாள் வந்ததைக் கத்தோலிக்க வாசகர்கள் கண்டு புன்னகைக்கலாம். அதற்கு மேல் பொருள் தேட வேண்டா.

மார்ச் 20 குருத்து ஞாயிறு. எதிரே நின்றது மினசோட்டா பல்கலைக்கழகம். இதற்கு முன்பு மகளிர் கல்லூரி ஹாக்கியில் தேசியப் பட்டம் வரை ஓராட்டமும் தோற்காமல், சமனும் செய்யாமல் பருவத்தை முடித்த அணி ஒன்றே ஒன்று: 2012–13-இல் 41-க்கு 41 வென்ற இதே மினசோட்டா. அவ்வாண்டு அரையிறுதியில் கூடுதல் நேரத்தில் அவர்களிடம் தோற்றதும் பாஸ்டன் கல்லூரியே. இன்று வென்றால் அச்சாதனையை எட்டலாம். அதுவும் அதை வைத்திருப்போரை வென்றே எட்டலாம்.

ஆட்டம் தொடங்கிய 13-ஆம் விநாடியில் மினசோட்டாவின் சாரா பொட்டோமக் கோல் அடித்துவிட்டார். அரங்கில் பலர் இருக்கையில் அமர்ந்துகூட இருக்கமாட்டார்கள். நாற்பது ஆட்டங்களாக எதிரணியினரை விரட்டியே பழகிய அணி இப்போது விரட்டிப் பிடிக்கவேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டது. எஞ்சிய நேரம் ஏறத்தாழ ஒரு மணி, போதிய காலம்தான். ஆயினும் பிடிபடவில்லை. வெற்றியை முடிவு செய்த கோலை அடித்தவர் அமாண்டா கெசல். 2014 ஒலிம்பிக்குக்குப் பின் தலைக்காயத்தின் விளைவால் இரண்டாண்டுக்கு அருகில் மட்டை தொடாதிருந்து, அந்தப் பிப்ரவரியில்தான் திரும்பியிருந்தார். இனி ஆடவே மாட்டார் என்று பலரும் எண்ணியிருந்த பெண். அவருடைய மீட்சியைக் கண்டு மகிழாமலும் இருக்க முடியாது. அந்த மகிழ்ச்சிக்கு விலை கொடுத்தவர்களை எண்ணி வருந்தாமலும் இருக்க முடியாது. முடிவு 3–1. பருவக் கணக்கு 40 வெற்றி, 1 தோல்வி.

தோற்றதை விடக் கடினமானது, அதற்கு மறு ஆட்டம் கிடையாது என்பதே. கடைசியாண்டு மாணவியர் மே மாதம் பட்டமளிப்பு அங்கி அணிந்து வெளியேறுகிறார்கள். ஆடவர் போலக் கல்லூரிக்குப்பின் பெருஞ்சம்பளத்தோடு காத்திருக்கும் தொழில்முறை ஆட்டம் அன்று பெண்களுக்கு இல்லை. இன்று வட அமெரிக்காவின் உயர்நிலை மகளிர் லீகாக விளங்கும் அமைப்பின் ஆட்டங்கள் 2024-இல்தான் தொடங்கின. 2018-இல் அமெரிக்க மகளிர் இருபதாண்டுக்குப்பின் ஒலிம்பிக் தங்கம் வென்றபோது, இவ்வணியிலிருந்த ஸ்கரூப்பா, கெல்லர், கேலி ஃப்ளானகன் ஆகியோர் கழுத்தில் பதக்கம் தொங்கியது. இவர்கள் எல்லாரிலும் மேலாகப் புகழ்பெற்றிருந்த கார்ப்பென்டரை அந்த ஒலிம்பிக் அணியில் சேர்க்கவில்லை. அவர் சீன நாட்டு அணிக்குச் சென்று ஆடினார். 2022-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு அமெரிக்க அணியில் திரும்பி வந்து வெள்ளி பெற்றார். சீற்றத்தில் மட்டையை எறிந்துவிட்டுப் போகாத அந்தப் பொறுமையை நாம் அந்த நாற்பது வெற்றிகளுக்கும் மேலாகவே மதிக்கிறோம்.

இக்கல்லூரியின் ஆடவர் அணி 1949, 2001, 2008, 2010, 2012 என ஐந்து தேசியப் பட்டங்களைப் பெற்றுள்ளது. மகளிர் 2017-இலும் தேசிய அரையிறுதிக்கு ஏறினார்கள். கெல்லரும் பர்ட்டும் இருந்தார்கள். எதிரே விஸ்கான்சின். கோல் இன்றி ஆட்டம் மூன்றாம் பகுதியின் கடைசி நிமிடத்துக்கு வந்தது. முடிவுமணிக்கு இருபது விநாடிகூட இல்லாத நேரத்தில் விஸ்கான்சின் ஒரு கோல் அடித்தது.